ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்: இசாவோ தோமிதாவின் இசை வாழ்க்கை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1974-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனம் 'ஸ்னோஃபிளேக்ஸ் ஆர் டான்சிங்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. பிரெஞ்சு இசையமைப்பாளர் குளோட் டெபுசி பியானோவுக்காக எழுதிய பத்து உருப்படிகள் அதில் இருந்தன. அவற்றை வாசித்தவர் பியானோ கலைஞர் இல்லை. டோக்கியோவில் தன் வீட்டு ஸ்டுடியோவில், மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் மோக் சிந்தசைசரோடும் டேப் ரெக்கார்டரோடும் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து அதைச் செய்துமுடித்த இசாவோ தோமிதா என்ற இசையமைப்பாளர். தட்டுக்கு நான்கு கிராமி பரிந்துரைகள் கிடைத்தன. அதற்கு முன் அதே டேப்பை எடுத்துக்கொண்டு ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அவர் அலைந்தபோது யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

இந்தக் கதையைப் பலர் கருவியின் கதையாகச் சொல்வார்கள். புதுக் கருவி வந்தது, முதலில் கையில் எடுத்தவர் ஜெயித்தார் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1968-இல், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை மோக்கில் வாசித்த வெண்டி கார்லோஸின் 'ஸ்விட்ச்டு ஆன் பாக்' தட்டு சக்கைப்போடு போட்டதும், மோக்கை வைத்துப் பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் வாசித்த தட்டுகள் கடைகளை நிறைத்தன. அவற்றில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் காணாமல் போயின. கருவி எல்லோருக்கும் ஒன்றுதான். அப்படியானால் தோமிதாவின் டெபுசி மட்டும் ஐம்பது ஆண்டு கழித்தும் ஏன் காதில் நிற்கிறது? அவருடைய வாழ்க்கையை இந்தக் கேள்வியை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மோக் பெட்டி அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர் புதியவர் இல்லை. வாத்தியக்குழுவுக்கு எழுதி எழுதிப் பழுத்த கை அவருடையது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கருவிக்கு முந்தைய ஆண்டுகள்

தோமிதா 1932 ஏப்ரல் 22 அன்று டோக்கியோவில் பிறந்தார். அப்பா மருத்துவர். சிறுவயதில் சில ஆண்டுகள் குடும்பம் பெய்ஜிங்கில் இருந்தது. அங்கே சொர்க்கக் கோயில் வளாகத்தில் ஒரு வட்டமான மதில் உண்டு. மதிலின் ஓர் இடத்தில் நின்று மெதுவாகப் பேசினால், சுவரை ஒட்டியே ஓடி வரும் குரல் தூரத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். அப்பா கூட்டிப்போய் அதைக் காட்டியதைத் தோமிதா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒலிக்குச் சுரமும் தாளமும் மட்டும் போதாது, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் இசையின் பகுதிதான் என்ற எண்ணம் அவருக்கு அங்கே விழுந்தது. பிற்காலத்தில் நாலு ஸ்பீக்கருக்கும், ஆற்றின் இரு கரைகளுக்கும் அவர் இசை அமைத்ததன் வேர் இதுதான்.

போருக்குப் பின் ஜப்பானில் அமெரிக்கப் படையினருக்காக நடந்த வானொலியில் ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற இசையமைப்பாளர்களை முதன்முதலாகக் கேட்டார். கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்தது கலை வரலாறு. இசையமைப்பைத் தனியாகக் கற்றுக்கொண்டார். மாணவராக இருக்கும்போதே ஒரு சேர்ந்திசைப் போட்டியில் அவர் எழுதிய பாடல் பரிசு வென்றது. 1955-இல் படிப்பு முடிந்ததும் முழுநேர இசையமைப்பாளர் ஆகிவிட்டார்.

அதற்கப்புறம் ஓயாத வேலை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளுக்குப் பின்னணி இசை. 1957-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தொலைக்காட்சியில் தொடங்கிய சமையல் நிகழ்ச்சிக்கு முகப்பு இசை. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவில் துள்ளிக்கொண்டு போகும் அந்தச் சின்ன மெட்டு ஜப்பானில் தெரியாத வீடே இருக்காது. 1963-இல் என்.எச்.கே. தன் பெரிய வரலாற்றுத் தொடர் வரிசையைத் தொடங்கியபோது முதல் தொடருக்கு இசை அமைத்தவரும் இவர்தான். மொத்தத்தில் அந்த வரிசையில் ஐந்து தொடர்களுக்கு இசை தந்திருக்கிறார். 1965-இல் படக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகாவின் வெள்ளைச் சிங்கக்குட்டி கதை வண்ணத்தில் அனிமேஷன் தொடராக வந்தது. அதற்குத் தோமிதா எழுதியதைக் கேட்டால் குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்ற அலட்சியம் எங்கும் இருக்காது. முழு வாத்தியக்குழுவையும் வைத்து எழுதியிருக்கிறார். பித்தளைக் கருவிகள் முழங்கும் இடம், மரக்குழல்கள் தனியாகப் பேசும் இடம் எல்லாம் அளந்து வைத்தது மாதிரி இருக்கும்.

வாரா வாரம் ஒளிபரப்பாகும் தொடருக்கு எழுதுபவருக்கு நேரம் கிடையாது. ஒபோவும் வயலினும் சேர்ந்தால் என்ன நிறம் வரும், கொம்பு வாத்தியத்தைப் பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்பதெல்லாம் தாளில் எழுதும்போதே காதில் கேட்டாக வேண்டும். பதினைந்து ஆண்டு இந்தப் பயிற்சி அவருக்கு நடந்தது. அதே சமயம், வாத்தியக்குழுவில் கிடைக்கும் நிறங்களை எல்லாம் ஏற்கெனவே பெரிய ஆட்கள் பயன்படுத்தித் தீர்த்துவிட்டார்கள் என்ற சலிப்பும் வந்துவிட்டது.

ஆர்கன் போதாதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மின்னணு ஒலி வேண்டுமென்றால் ஜப்பானை விட்டு வெளியே போக வேண்டிய தேவையே இல்லை. யமஹா 1959-லேயே எலெக்டோன் என்ற மின்னணு ஆர்கனின் முதல் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1960-களில் அதற்கெனப் பள்ளிகள், போட்டிகள், தனிக் கலைஞர்கள் என்று ஓர் உலகமே உருவானது. எலெக்டோன் கலைஞர் இரண்டு கைகளால் இரண்டு விசைவரிசைகளை வாசிப்பார். இடது கால் அடிச்சுரப் பெடல்களில் ஓடும். வலது கால் ஒலியளவைப் பார்த்துக்கொள்ளும். ஒரே ஆள் மேடையில் ஒரு சின்ன வாத்தியக்குழுவாகவே மாறிவிடுவார். அந்தத் திறமை சாதாரணம் இல்லை.

ஆனால் ஆர்கனில் ஒலிகள் தயாராக இருக்கும். புல்லாங்குழல் வேண்டுமா, நரம்பிசை வேண்டுமா, அதற்கான விசையைத் தட்டினால் வந்துவிடும். கலைஞரின் வேலை தேர்ந்தெடுப்பதும் கலப்பதும் வாசிப்பதும். மோக் மாடுலர் சிந்தசைசர் இதற்கு நேர்மாறு. சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே கேட்காது. அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், எழும்பி அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டி. ஒயர் போட்டு இணைத்தால்தான் ஒலி பிறக்கும். ஒயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போய்விடும். அன்றைக்கு அதைச் சேமித்து வைக்க நினைவகம் கிடையாது.

1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் ஓர் அரங்குக்கு இசை அமைக்கப் போயிருந்தபோது தோமிதாவின் காதில் கார்லோஸின் தட்டு விழுந்தது. தனக்கு வேண்டியது இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். அமெரிக்காவில் பஃபலோ நகரத்துப் பக்கம் இருந்த மோக் தொழிற்சாலைக்கே போய் 1971-இல் ஒரு பெரிய மாடலை வாங்கினார். விலை சுமார் 1 கோடி யென் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது வீடு வாங்கும் பணம்.

பெட்டி ஜப்பான் வந்ததும் சுங்கத்துறை விடவில்லை. குமிழ்களும் துளைகளும் ஒயர்களுமாக இருந்ததைப் பார்த்து இது இசைக்கருவி என்று நம்ப அவர்கள் தயாராக இல்லை. ராணுவச் சாமானோ என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்த பிறகு அடுத்த சிக்கல்: பயன்படுத்தும் முறையைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகமும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. முதலில் வந்ததெல்லாம் இரைச்சல். இவ்வளவு பணம் கொடுத்து இரும்புச் சாமானை வாங்கிவிட்டோமே என்று நொந்துபோயிருக்கிறார். குடும்பம் வைத்திருக்கும் நாற்பது வயது மனிதர், கைநிறைய வேலை இருந்தும் எடுத்த துணிவு அது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

டேப்பில் நடந்தது

1972-இல் அந்தக் கால ஹிட் பாடல்களை மோக்கில் வாசித்து ஒரு தட்டு செய்தார். கற்றுக்குட்டிப் பருவத்துப் பயிற்சி என்று அதைக் கடந்துவிடலாம். உண்மையான பரீட்சை டெபுசியோடுதான் தொடங்குகிறது. அந்தத் தேர்வு எவ்வளவு முரட்டுத்தனமானது என்று புரிய வேண்டுமானால், மோக்கின் பெரிய குறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தைத்தான் எழுப்பும். விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் இரண்டு சுரம் கேட்காது.

கார்லோஸ் பாக்கைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. பாக்கின் இசையில் பல இடங்களில் இரண்டு மூன்று தனித்தனிக் குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். ஒரு குரலை வாசித்துப் பதிவு செய். டேப்பைப் பின்னால் ஓட்டு. அடுத்த குரலை அதன்மேல் வாசி. கருவியின் குறையும் இசையின் அமைப்பும் ஒத்துப்போகின்றன. டெபுசியிடம் இந்த வசதி கிடையாது. அவருடைய பியானோ இசை பெடலை அழுத்தி, சுரங்கள் ஒன்றோடொன்று கரைந்து நிற்பதை நம்பி எழுதப்பட்டது. அகலமான சுரக்கூட்டுகள் அப்படியே மேலும் கீழும் நகரும். ஒரு சுரக்கூட்டில் ஆறு சுரம் இருந்தால், ஒவ்வொன்றையும் தனியாக வாசித்தாக வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு மூன்று அடுக்கு கொடுத்தால்தான் ஒலி தடிக்கும். ஆக, பியானோ கலைஞர் ஒரு நொடியில் அழுத்திவிட்டுப் போகும் இடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டுத் தடவை டேப் ஓட வேண்டும். தோமிதாவிடம் இருந்தது ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் 16 டிராக் இயந்திரம், அதாவது பதினாறு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் டேப் ரெக்கார்டர். பதினாறும் நிரம்பினால் அவற்றைக் கலந்து குறைந்த டிராக்குகளுக்கு மாற்றி, இடத்தைக் காலி செய்து மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் டேப்பின் உஸ்ஸென்ற இரைச்சல் கூடும். மாற்றிய பிறகு ஒரு சுரம் தப்பென்று தெரிந்தால் பிரித்தெடுக்க வழியில்லை. போதாததற்கு ஆசிலேட்டர்கள் சூடு ஏற ஏறச் சுருதி விலகும். அடிக்கடி சரிபார்த்தாக வேண்டும்.

இவ்வளவு பாடும் பொறுமைக்கு அத்தாட்சி, சரி. ஆனால் பொறுமை மட்டும் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது பியானோவின் மின்னணு நகல்தான். தோமிதா பியானோ தாளை ஒரு கோட்டோவியமாகப் பார்த்தார். ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கியின் பியானோ இசையைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் வாத்தியக்குழுவுக்கு மாற்றி எழுதியபோது செய்ததும் இதேதான்: எந்த வரி யாருக்கு, எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும், எது முன்னால் நிற்க வேண்டும், எது தூரத்தில் கேட்க வேண்டும் என்று முடிவெடுப்பது. வித்தியாசம் என்னவென்றால், ராவெலுக்கு வாத்தியங்கள் தயாராக இருந்தன. இவர் ஒவ்வொரு வாத்தியத்தையும் முதலில் ஒயர் போட்டு உண்டாக்க வேண்டியிருந்தது.

உதாரணத்துக்கு அந்தத் தட்டில் வரும் முதலாவது அராபெஸ்க்கை எடுத்துக்கொள்ளலாம். மெட்டை ஒரு சீட்டி ஒலி பாடுகிறது. யாரோ சாலையில் நடந்துகொண்டே வாயால் சீட்டியடிப்பது போன்ற ஒலி. மிக எளிய ஓர் அலையை எடுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்து, சுரம் நிலைத்த பிறகே லேசான நடுக்கம் வரும்படி வைத்தால் இது கிடைக்கும். அந்த நடுக்கம் தாமதமாக வருவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மனிதன் சீட்டியடிக்கும்போதும் அப்படித்தான் நடக்கிறது. முதல் கணத்திலேயே நடுங்கினால் இயந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும்.

'மூழ்கிய தேவாலயம்' இன்னொரு வகை. கடலுக்குள் போன தேவாலயம் சில காலைகளில் மேலே எழும்பி மணியோசை கேட்கும் என்ற பிரெஞ்சுக் கடலோரக் கதையை வைத்து டெபுசி எழுதியது. அதில் தோமிதா மணியையும் மனிதக் குரல் கூட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கிறார். சேர்ந்திசைக் குரலுக்கு மெலட்ரான் என்ற டேப் விசைக்கருவியையும் கூடச் சேர்த்துக்கொண்டார். தூய்மைவாதம் பார்க்கவில்லை, நிறம் எங்கே கிடைக்கிறதோ அங்கே எடுத்துக்கொண்டார். தட்டு நாலு ஸ்பீக்கர் அமைப்புக்கும் தனியாக வெளிவந்தது. பெய்ஜிங் மதிலைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

கடையில் எந்த அலமாரியில் வைப்பது?

ஜப்பானிய நிறுவனங்கள் மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது: இதைக் கடையில் எந்தப் பிரிவில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. செவ்வியல் இசை என்றால் அந்த வாடிக்கையாளர்கள் ஏற்க மாட்டார்கள். பாப் என்றால் டெபுசி எதற்கு? டேப்பை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஆர்.சி.ஏ.வில் அப்போது பீட்டர் முன்வெஸ் இருந்தார். முன்பு கார்லோஸின் தட்டை வெளியிட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்த மாதிரி இசைக்குக் கேட்பவர்கள் உண்டு என்று அனுபவத்தில் அறிந்தவர். அவர் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் பேர் வந்த பிறகு தட்டு ஜப்பானிலும் விற்றது. 1975-இல் முஸோர்க்ஸ்கியின் 'கண்காட்சி ஓவியங்கள்' வந்து பில்போர்டு இதழின் செவ்வியல் பட்டியலில் முதலிடத்துக்கே போனது.

1976-இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் 'கோள்கள்'. இதில் தோமிதா கொஞ்சம் எல்லை தாண்டினார். ஆரம்பத்திலேயே வியாழன் மெட்டு ஓர் இசைப்பெட்டியில் கிணுகிணுக்கிறது. பிறகு விண்வெளி வீரர்கள் ரேடியோவில் பேசிக்கொள்வது மாதிரிச் சொல் புரியாத குரல்கள், ராக்கெட் கிளம்பும் முழக்கம். ஹோல்ஸ்டின் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்து, பிரிட்டனில் தட்டு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. எனக்கு அந்தத் தட்டு பிடிக்கும், ஆனால் எதிர்ப்பிலும் நியாயம் தெரிகிறது. டெபுசியில் அவர் நிறம் மட்டும் மாற்றினார். இங்கே படைப்பைச் சுற்றி ஒரு கதையையே கட்டிவிட்டார். பிரான்சிஸ் கொப்போலா 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு அவரைத்தான் முதலில் நினைத்தார் என்பதும், ஒப்பந்தச் சிக்கலால் அது நடக்கவில்லை என்பதும் இந்தக் காலத்துச் செய்தி. 1970-களின் கடைசித் தட்டுகள் சிலவற்றில் விண்வெளி ஓசைகள் இசையை முந்திக்கொண்டு நிற்பதாக எனக்குப் படுகிறது. ராவெலிடம் திரும்பியபோது மறுபடி பிடி கிடைத்தது.

அவருடைய ஸ்டுடியோவில் உதவியாளராக மோக்கைக் கற்றுக்கொண்ட ஹிதேக்கி மட்சுதாகே பிறகு எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா குழுவுக்கு ஒலி அமைத்தார். குழுவின் நான்காவது உறுப்பினர் என்றே அவரைச் சொல்வார்கள். ஜப்பானிய மின்னணு பாப் இசையின் ஒரு வேர் இப்படித் தோமிதாவின் வீட்டுக்குள் போகிறது.

1980-களில் அவர் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தார். 1984-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் டான்யூப் ஆற்றங்கரையில் சுமார் 80,000 பேர் கூடிய நிகழ்ச்சி. தோமிதா கண்ணாடிப் பிரமிடு ஒன்றுக்குள் இருந்து இசையை நடத்த, கரைகளிலும் நீரிலும் இருந்த ஸ்பீக்கர்கள் வழியே ஒலி கூட்டத்தைச் சுற்றி வந்தது. அடுத்து 1986-இல் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில். அப்புறம் வாத்தியக்குழுவுக்கும் திரும்பினார்: ஜப்பானியப் பழங்கதையான 'கெஞ்சி மோனோகத்தாரி'யை வைத்து ஒரு சிம்பொனி, இயக்குநர் யோஜி யமதாவின் படங்களுக்கு இசை.

பா, பி, பு, பே, போ

இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இழை, இயந்திரத்தைப் பாட வைக்க அவர் பட்ட பாடு. மோக்கின் ஃபில்டரைத் திருகித் திருகி உயிரெழுத்து மாதிரி ஒன்றைக் கொண்டுவரலாம். ஆனால் மெய்யெழுத்து வராது. பா, பி, பு, பே, போ என்ற வரிசை மட்டும் ஒருவாறு வந்தது. டெபுசி தட்டில் வரும் 'கோலிவாக்ஸ் கேக்வாக்'கில் பப்பப்பா என்று வாயாடிக்கொண்டே போகிறதே ஒரு கிழட்டுக் குரல், அது அப்படிப் பிறந்ததுதான். அதற்கு மேல் அன்றைய கருவி போகவில்லை.

2007-இல் சப்போரோவைச் சேர்ந்த கிரிப்டன் நிறுவனம் ஹட்சுனே மிக்கு என்ற கணினிக் குரலை வெளியிட்டது. அடியில் இருந்த தொழில்நுட்பம் யமஹாவின் வோக்கலாய்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தான் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான் என்று தோமிதா உடனே கண்டுகொண்டார். 2012 நவம்பர் 23 அன்று டோக்கியோ ஓபரா சிட்டி அரங்கில், எழுத்தாளர் கெஞ்சி மியசாவாவின் படைப்புகளை வைத்து அவர் எழுதிய 'இஹாதோவ்' சிம்பொனி அரங்கேறியது. முழு வாத்தியக்குழு, பெரிய சேர்ந்திசைக் குழு, நடுவே தனிப்பாடகியாக மிக்கு. அப்போது தோமிதாவுக்கு வயது 80.

அதில் ஒரு நிபந்தனையில் அவர் பிடிவாதமாக இருந்தார். வழக்கமாக மிக்குவின் நிகழ்ச்சிகளில் குரலும் படமும் முன்கூட்டியே பதிவாகி இருக்கும். வாசிப்பவர்கள் காதில் கிளிக் ஒலியை மாட்டிக்கொண்டு அதைப் பின்தொடர்வார்கள். தோமிதா இதை ஏற்கவில்லை. வாத்தியக்குழுவை நடத்திய நவோதோ ஓதோமோவின் கோல் மெதுவாகப் போனால் மிக்குவும் மெதுவாகப் போக வேண்டும். அவர் ஒரு சுரத்தில் நின்றால் அவளும் நிற்க வேண்டும். அதற்காகவே மேடையில் ஒருவர் நடத்துநரைப் பார்த்துக்கொண்டே விசைப்பலகையில் தாளத்தைத் தட்ட, அந்தத் தட்டலுக்கு ஏற்பக் குரலும் படமும் நகரும்படி ஏற்பாடு செய்தார்கள். மோக்கில் சீட்டி ஒலிக்கு நடுக்கத்தைத் தாமதப்படுத்தியவரும், எண்பது வயதில் இதைக் கேட்டவரும் ஒரே ஆள்தான் என்பது இங்கே நன்றாகத் தெரிகிறது. இரண்டு இடத்திலும் இயந்திரம்தான் மனிதனின் வழிக்கு வந்தாக வேண்டியிருந்தது.

அடுத்த வேலையையும் அவர் தொடங்கிவிட்டார். ஜப்பானிய ராக்கெட் இயலின் முன்னோடி ஹிதேயோ இதோகாவா, வயதான பிறகு பாலே ஆடக் கற்றுக்கொண்டவர். அவரோடு பேசியதிலிருந்து பிறந்த யோசனை அது: மிக்குவும் மனித நடனக் கலைஞரும் சேர்ந்து ஆடும் 'டாக்டர் கொப்பேலியஸ்' என்ற விண்வெளி பாலே. தோமிதா 2016 மே 5 அன்று, 84 வயதில் காலமானார். அவர் விட்டுப்போன தாள்களையும் குறிப்புகளையும் வைத்துக் கூட இருந்தவர்கள் வேலையை முடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவின் ஆர்ச்சர்ட் ஹாலில் அது அரங்கேறியது.